ஏரியில் ஓர் ஓட்டை, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நாலு கிணறு

தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போகும் ரயிலில் பன்னிரண்டு வருஷம் மாதம் ஒருமுறை போய் வந்தேன். மாமனார் அங்கே தனியாக இருந்தார். போன ஜூனில் அவர் காலமானார். வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த பிறகு அந்தப் பக்கம் போக எனக்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. ஒன்றைத் தவிர.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ரயில் பாதை ஏறக்குறைய 37 கிலோமீட்டர். வழியெங்கும் சின்னச் சின்ன ஏரிகள். அதில் ஓர் ஏரியை மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். வலது பக்க ஜன்னலில் வரும், கரையில் வரிசையாகப் பனைமரங்கள் இருக்கும். மற்ற ஏரிகளெல்லாம் வற்றிய பிறகும் அதில் தண்ணீர் நிற்கும். ஆனால் போன வருஷம் பொங்கலுக்குப் போனபோது அது காய்ந்து கிடந்தது. முன்னால் வந்த ஏரியிலும் பின்னால் வந்த ஏரியிலும் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. எதிர் ஜன்னலில் இன்னொன்றையும் பார்த்தேன். எப்போதும் செம்மண்ணாகக் கிடக்கும் மேட்டு நிலம் பச்சையாக இருந்தது. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. ஏரிக்கு என்ன ஆனது என்பது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தது செப்டம்பரில். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை. மழைக்காலம் தொடங்க ஒரு மாதம் இருந்தது.

கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்குப் பேருந்து. திண்டிவனம் வந்து சேர்ந்தபோது 7.35. கட்டணம் 105 ரூபாய். பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எல்லாம் சேர்த்து 62 ரூபாய். (வடை வேண்டாம். முந்தின நாள் எண்ணெய்.) 8.25க்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் பயணச்சீட்டு மட்டும் தருவார்கள். 14 கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது. இறங்கிய கூட்டுரோட்டிலிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ. ஆள் சேரக் காத்திருக்காமல் தனியாகப் போனதால் அறுபது ரூபாய்.

ஓட்டுநர் பாபுவுக்கு முப்பது வயதிருக்கும். அதே ஊர்க்காரர்.

“இன்னா மேடம், சொந்தக்காரங்க ஊடா?”

“இல்லை, ஏரியைப் பார்க்க வந்தேன்.”

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். “ஏரில தண்ணியே இல்லியே. பிளாட்டு பாக்க வந்தீங்களா?”

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வரும் வெளியூர் ஆள் யாரானாலும் மனை வாங்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். இல்லை என்று மறுபடி சொன்னேன்.

“அப்ப கரெக்டான நாளுக்குத்தான் வந்துக்கிறீங்க. இன்னிக்கு ஏரில ஓட்டைய அடைக்கிறாங்க. பெரிய பேஜாரு நடக்கும், பாருங்க.”

கரையில் ஏறியபோது 9.20. கரை அரைக் கிலோமீட்டர் நீளம் இருக்கும். ஒரு பக்கம் காய்ந்த ஏரி, ஓரங்களில் சீமைக்கருவேலம். மறுபக்கம் தெற்கே வயல்கள். சுமார் எண்பது ஏக்கர் என்றார் பாபு. கிழக்கே தண்டவாளம். அதைத் தாண்டி நான் எதிர் ஜன்னலில் பார்த்த மேட்டு நிலம். ரயிலிலிருந்து பெரிதாகத் தெரிந்த ஏரி நடந்து போகையில் இன்னும் பெரிதாக இருந்தது.

ஏரியின் அடியில், கரையிலிருந்து நூறடி உள்ளே, ஒரு பள்ளம். பன்னிரண்டு அடி அகலம், இடுப்பளவு ஆழம். பக்கத்தில் களிமண் ஏற்றிய இரண்டு டிராக்டர்கள். முப்பது பேர் நின்றிருந்தார்கள். பள்ளத்தின் சுவரில் மண் மூன்று நிறமாகத் தெரிந்தது. மேலே கறுப்பு வண்டல், நடுவில் ஒன்றரை அடிக்கு மஞ்சளான களி, அடியில் வெளுத்த மணல்.

ஏரி நிலத்துக்குத் தண்ணீர் தருகிறது என்பதை எல்லாரும் அறிவோம். நிலம் ஏரியிடமிருந்து மண்ணையும் வாங்கிக்கொள்கிறது. கோடையில் ஏரி காய்ந்ததும் அனுமதி வாங்கி வண்டலை வாரிப் போய் வயலில் கொட்டுவார்கள். வயல் கொழுக்கும், ஏரி ஆழமாகும். முந்தின வருஷக் கோடையில் அப்படி வாரியவர்களில் ஒருவர் ஏழுமலை. ஏரிக்குக் கீழே மூன்று ஏக்கர் வைத்திருப்பவர், பாசன விவசாயிகளுக்கு அவர்தான் முன்னால் நின்று பேசுகிறவர். வண்டல் தீர்ந்ததும் களி வந்தது. அதையும் வாரினார். களிக்குக் கீழே மணல் வந்தது. வீட்டு வாசலுக்கு ஆகும் என்று அதிலும் இரண்டு லோடு எடுத்தார். தண்ணீரைத் தாங்கி நின்றதே அந்தக் களிதான். அடியில் ஓடும் மணல் ஏதோ ஒரு காலத்து ஓடையாக இருக்கலாம். அது கிழக்கே, தண்டவாளத்துக்கு அடியில் போகிறது.

“வண்டல் எடுக்கச் சொன்னா ஏரியோட அடிவயித்தையே கிழிச்சிட்டாரு,” என்றார் பாபு, ஏழுமலை காதில் விழும்படி.

“நீ போய் ஆட்டோவப் பாருடா,” என்றார் ஏழுமலை.

பள்ளத்துக்குள் ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். பெயர் அஞ்சலை. மதகு திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று பார்த்துக் கட்டுவது எல்லாம் அவர் வேலை. கணவர் செய்தது, அவர் இறந்த பிறகு இவர் செய்கிறார். அறுவடையில் ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல் கூலி. மேட்டு நிலத்தில் இவருக்கு ஒரு ஏக்கர். அங்கே குடியிருக்கும் மற்ற மூன்று குடும்பங்களுக்கும் அதே அளவு. நாலு பேருக்கும் கிணறு இருந்தும் தண்ணீர் இருந்ததில்லை. ஏரியில் ஓட்டை விழுந்த வருஷம்தான் முதல்முறையாக ஊறியது. நான் ரயிலிலிருந்து பார்த்த பச்சை அதுதான்.

ஓட்டையை அடைத்தால் எண்பது ஏக்கருக்குத் தண்ணீர் திரும்பும், நாலு கிணறும் பழையபடி வறண்டுவிடும். அடைக்கும் வேலை அஞ்சலையுடையது. களிமண்ணை நனைத்து, அடுக்கடுக்காகப் போட்டு, காலால் மிதிக்க வேண்டும். அவர் மிதிக்காமல் நின்றிருந்தார்.

“ஜல்தியா ஆரம்பி அஞ்சலை, வெயிலு ஏறிக்கினு போவுது,” என்றார் ஏழுமலை. அவருக்கு இவரைவிடப் பத்து வயது குறைவு. அவர் இவரை நீ என்கிறார், இவர் அவரை நீங்க என்கிறார்.

“அடைக்கிறேங்க. அடைக்கிறது என் வேல. அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும். போன மார்கழில தண்ணி எறங்கச்சொல்ல என்னிய இன்னா சொன்னீங்க?”

“அது இன்னாத்துக்கு இப்ப?”

“மதகத் தொறந்து உட்டுட்டுப் போய்ப் படுத்துக்கினேன்னு சொன்னீங்க. நாலு பேரு எதிர்ல சொன்னீங்க. இப்பவும் நாலு பேரு இருக்காங்க. தண்ணி எங்க போச்சி, சொல்லுங்க.”

ஏழுமலை டிராக்டர் சக்கரத்தைப் பார்த்தார். “சரி, தெரியாம சொல்லிட்டேன். உடு.”

“உட்டுட்டேன்,” என்றார் அஞ்சலை. ஆனால் பள்ளத்தைவிட்டு ஏறவில்லை. “இது ஓட்டை இல்லீங்க. இதுவும் ஒரு மதகுதான். தெக்க ஒண்ணு, வடக்க ஒண்ணு, இது மூணாவது. மதகுன்னா தொறக்கணும், மூடணும். களிமண்ணப் போட்டு மிதிச்சிட்டா மூட மட்டுந்தான் முடியும்.”

“ஏரித் தண்ணி வயலுக்குத்தான். மேட்டுக்கு எதுக்கு ஏரித் தண்ணி?”

“கோடி போவச்சொல்ல எத்தினி நாளு கடலுக்குப் போவுது? கடலுக்குப் பட்டா போட்டுக் குடுத்துக்கிறீங்களா?”

ஏரி நிரம்பி வழிந்து வெளியேறுவதை இங்கே கோடி போகிறது என்பார்கள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அப்போதுதான் ஊராட்சித் தலைவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, மருமகன் பைக்கில் வந்து இறங்கினார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “மூடணும்னா எத வெச்சி மூடுவ?” என்றார்.

“சிமெண்டு உறை எறக்கிட்டு சுத்தியும் களிமண்ணு போட்டு மிதிச்சிடலாம். மேல ரெண்டு பாதியா மூடி. நான் ஒருத்தியே தண்ணில நின்னு தள்ளிடுவேன். உங்க ஊட்டுப் பின்னால ரெண்டு உறை சும்மா கெடக்குது இல்ல?”

“அது கக்கூசுக்கு வாங்கனது அஞ்சலை!”

“இன்னும் எறக்கல இல்ல? புதுசுதான?”

“ஏரில கக்கூஸ் உறைய எறக்கினா பக்கத்து ஊருக்காரன் சிரிப்பான்,” என்றார் ஏழுமலை.

“ஏரிய ஓட்டை போட்டதுக்கே சிரிச்சிக்கினுதான் இருக்கான்,” என்றார் தலைவர். அத்துடன் உறை விஷயம் முடிந்தது. எதுவரை திறந்திருக்கலாம் என்பதில்தான் இழுத்தது.

தெற்கு மதகின் தூண் கல்லில் கீழிருந்து மேலாக ஏழு வெட்டுகள் உண்டு. ஏழாவது நனைந்தால் கோடி போகும். தண்ணீர் எந்த வெட்டுக்கு இறங்கியதும் மூன்றாவது மதகை மூட வேண்டும்?

“ஆறு,” என்றார் ஏழுமலை.

“ஆறுன்னா கோடி நின்ன மறுநாளே மூடிடணும். மூணு.”

“மூணுல மூடினா என் கடைசித் தண்ணிய உன் கிணத்துலதான் வந்து மொண்டுக்கினு போவணும்.”

“நாலு,” என்றார் தலைவர்.

ஏழுமலை கொஞ்சம் யோசித்துவிட்டு அஞ்சலையிடமே கேட்டார்: “நாலு வெட்டுத் தண்ணி இருந்தா எனக்கு எத்தினி தபா தண்ணி கட்டுவ?”

இதை நான் குறித்துக்கொண்டேன். யாருடன் வாதாடுகிறாரோ அவரிடமே கணக்குக் கேட்க வேண்டியிருந்தது. ஒரு வெட்டுத் தண்ணீர் எத்தனை வயலை நனைக்கும் என்று அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

“மூணு. பாத்துக் கட்டினா நாலாவது அரையும் கொறையுமா வரும்.”

“சரி. மூடப்போறது யாரு?”

“நான்தான்.”

“உன் கிணத்துக்குப் போற தண்ணிய நீயே மூடுவ?”

“உங்க வயலுக்குப் போற தண்ணிய இத்தினி வருஷமா யாருங்க தொறக்கறா?” என்றார் அஞ்சலை. “நாலுல மூடலன்னா எனக்கு மரக்கா நெல்லு வாணாம்.”

ஒரு வருஷம் மட்டும் பார்ப்பது என்று முடிவானது. 11 மணிக்கு உறைகள் வந்தன. மேட்டுத் தெருவிலிருந்து ஆறு பெண்கள் வந்து மிதித்தார்கள். ஒரு அடுக்கு மிதித்து முடிக்க அரை மணி நேரம். நான் பனை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உதவலாமா என்று கேட்டதற்கு, “செருப்ப கழட்டிட்டு வாங்க,” என்றார் ஒருவர். பத்து நிமிடம் மிதித்தேன். கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்ட களியிலிருந்து காலை உருவி எடுக்க என்னால் முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது.

இரண்டு மணிக்கு அஞ்சலையுடன் தண்டவாளத்துக்கு அடியில் போகும் பாலம் வழியாக மேட்டு நிலத்துக்குப் போனேன். பத்து நிமிட நடை. அவர் கிணறு முப்பதடி ஆழம், அடியில் இரண்டடித் தண்ணீர். நாங்கள் நிற்கும்போது விழுப்புரம் ரயில் ஒன்று கடந்தது. தண்ணீர் லேசாக நடுங்கியது.

“போன வருஷம் இதுல பத்தடி நின்னுச்சி மேடம். கார்த்திகைல மல்லாட்டை போட்டேன். என் கையால என் நெலத்துல தண்ணி கட்டனது அதான் மொத தபா,” என்றார். இங்கே மல்லாட்டை என்றால் நிலக்கடலை. பிறகு, “ஆனா மரக்கா நெல்லு பாதிதான் வந்துச்சி,” என்று சேர்த்துக்கொண்டார்.

மூன்றரை மணிக்குப் பாபு கூட்டுரோட்டில் இறக்கிவிட்டார். இம்முறை ஐம்பது ரூபாய்தான் வாங்கினார். பிளாட் வாங்க வராதவர்களுக்கு அதுதான் ரேட் என்றார். வீடு வந்து சேர இரவு எட்டு.

அந்த ரயிலில் நான் ஏறி இறங்கிய பன்னிரண்டு வருஷமும் கிராமம் என்பது ஜன்னலுக்கு வெளியே அசையாமல் இருக்கும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். ஏரி இயற்கை, அதைச் சுற்றி மனிதர்கள். அப்படி இல்லை. அந்த ஏரியின் அடியில் இருந்த களி பல நூறு மழைகளில் வயல்களிலிருந்து கரைந்து வந்து படிந்த மண். வயல்களின் சத்து அந்த ஏரியிலிருந்து வாரிய வண்டல். எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு ஆள் ஒன்றரை அடி அதிகமாக வாரினால் ஒரு தெருவில் பயிர் காய்கிறது, இன்னொரு தெருவில் பயிர் முளைக்கிறது.

இந்த மார்ச் முதல் ஞாயிறு மறுபடி போனேன். இந்த முறை ரயில், பிறகு பாபுவின் ஆட்டோ. நல்ல மழை பெய்த வருஷம். ஏரி கோடி போனதாம். ஏழுமலையைக் கரையிலேயே பார்த்தேன். அவர் நெல் அறுத்து முடித்திருந்தார். மூன்று தண்ணீர் முழுதாக வந்தது, நாலாவது முக்கால்வாசி வந்தது என்றார்.

“தை கடைசில நாலாவது வெட்டு வர்ற மாதிரி இருந்துச்சி மேடம். நான் தெனம் காலைல டீ குடிச்சிட்டு நேரா இங்கதான். மூடறாளா பாக்கலாம்னு. ஒரு நா வந்து பாக்கறேன், வெட்டுக்கு மேல இன்னும் ரெண்டு வெரல் தண்ணி நிக்குது, மூடி போட்டு வைக்கோலு களிமண்ணு எல்லாம் வெச்சிப் பூசிக்கினு இருக்கா. கழுத்தளவு தண்ணில.”

அஞ்சலை மேட்டு நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார். ஏன் முன்னாலேயே மூடினார் என்று கேட்டேன்.

“அவுரு வந்து பாத்து, ‘அஞ்சலை, வெட்டு தெரியுது’ன்னு சொல்லி, அப்பால நான் போய் மூடணுமா?” என்றார்.

மூடிய பத்தாம் நாள் கிணறு இறங்கத் தொடங்கியதாம். காய் முற்றும் நேரத்தில் ஒரு தண்ணீர் குறைந்துபோனது. ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, என் கையில் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுக் காய். உடைத்ததில் பதின்மூன்றில் பருப்பு இருந்தது, ஐந்து பொக்கு. மரக்கால் நெல் இந்த வருஷம் எல்லா வீட்டிலிருந்தும் வந்தது என்றார். வரும் வருஷமும் மூன்றாவது மதகு இருக்குமா என்றதற்கு, “உறைய யாரும் பிடுங்கலியே,” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயர்களும் மாற்றியவை. ஏழுமலை கேட்டுக்கொண்டார், அவர் பேர் ஏற்கெனவே போக வேண்டிய அளவுக்குப் போய்விட்டதாம். ஆனால் இந்தப் பாதையில் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் பார்க்க இருக்கிறது. கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். திண்டிவனத்திலிருந்து நகரப் பேருந்துகள் மணிக்கு ஒன்றுதான், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரையில் கடை கிடையாது, தண்ணீரும் தொப்பியும் கொண்டு போங்கள். ஒரு நாளுக்கு எனக்கு மொத்தம் 450 ரூபாய்க்குள் முடிந்தது.

ஒருவேளை, கரையிலிருந்து நூறடியில், ஏரித் தண்ணீர் வற்றும் நாட்களில் ஒரு சிமெண்ட் உறையின் விளிம்பு தெரிகிற ஏரிக்கு நீங்கள் வந்து சேர்ந்தால், இறங்கிப் போய்ப் பாருங்கள், ஆழமில்லை. மேலே இரண்டு பாதியாக மூடி இருக்கும், சுற்றிலும் வைக்கோலும் களியும் பூசியிருக்கும். அதைத் தட்டிப் பார்க்கவோ நகர்த்திப் பார்க்கவோ வேண்டாம். அதை மூடியவர்தான் திறக்க வேண்டும்.